பாஸ்போர்ட்டில் பூசிய சந்தனம்

குலசாமியைக் கோயிலில் வைத்தே திட்டியவள் நான். அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் மகள் செல்விக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. புது வண்டியோ, பட்டாவோ, எது வந்தாலும் கருப்பசாமி காலடியில் வைத்துச் சந்தனம் பூசுவது எங்கள் வழக்கம். விசாவுக்குக் கிளம்பும் முன்னால் அவள் பாஸ்போர்ட்டையும் வைத்தேன். ஆசை மிகுதியில் உள்ளே அவள் படத்துக்கும் பொட்டு வைத்து, ஈரத்தோடு மூடிவிட்டேன்.

சென்னை விசா அலுவலகத்தில் பிரித்தபோது தாள் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. சேதமான பாஸ்போர்ட்டை வாங்க முடியாது, புதிது எடுத்து, வேறு நாள் பதிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வகுப்பு தொடங்க ஒரு மாதம்தான் இருந்தது. விசா நேர்காணலுக்கோ இன்னும் இரண்டு மாதத்துக்கு நாள் காலி இல்லை.

மதுரை தல்லாகுளத்தில் எங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டிடம் ஓடினோம். அவர் சிரித்தார்.

"பாஸ்போர்ட்டுக்குப் பூசை போட்டீகளா? அம்புட்டுத்தான். அடுத்த வருசம் பாப்பம்."

அதில் ஒரு கறைகூடப் படக்கூடாது என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், சிரிக்கிறார். செல்வி அழுதுகொண்டே படியிறங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் மத்தியானம் கோயிலுக்குப் போனேன். தேங்காய் இல்லை, சூடம் இல்லை.

"ஒனக்குன்னுதான கொண்டாந்து வச்சேன்? நீயே எம் மக கால வாரிவிட்டுட்டியே. வழியக் காட்டு. காட்டுற வரைக்கும் ஒரு சூடம் ஏத்த மாட்டேன்."

பூசாரி பதறிவிட்டார். "சாமிகிட்ட இப்படிப் பேசலாமா தாயி?"

"நான் ஒங்ககிட்டப் பேசலண்ணே."

அதே வாரம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனோம். கிழிந்த தாளைப் பார்த்த பெண் அதிகாரியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"எங்கம்மா என் வேலை ஆர்டர்லயே பூசுனாக. நடந்தத அப்படியே எழுதிக் குடுங்க" என்றார்.

பத்தாம் நாள் புதுப் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்தது. தினமும் பார்த்தும் கிடைக்காத விசா நாள், யாரோ வரமுடியாமல் விட்டது, அன்று சாயங்காலமே செல்விக்குக் கிடைத்தது. கொஞ்சம் தாமதமாகச் சேரலாம் என்று பல்கலைக்கழகமும் எழுதியது. விசாவும் வந்து செல்வி கிளம்பிப் போனாள். எல்லாம் தற்செயல் என்கிறார் ஏஜென்ட். சொல்லட்டும். அவரிடமா நான் வழி கேட்டேன்?

முன்பெல்லாம் அதிகாரி முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. இப்போது வருகிறது. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கோபம் இருந்தால் கோபத்தோடு போய் நில்லுங்கள். நம் சாமி அதற்கெல்லாம் முகம் சுளிப்பவன் இல்லை.

போன வாரம் செல்விக்கு அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை வந்துவிட்டது. படம் அனுப்பியிருந்தாள். "சாமிக்குக் காட்டும்மா" என்றாள்.

சூடம் ஏற்றிக் கும்பிட்டேன். பிறகு விரலில் இருந்த சந்தனத்தை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் போனைத் தூக்கிக் காட்டினேன்.