மூன்று மெஷின், ஒரு கூரை

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜை வேலை. சீசன் முடிந்தால் அறைகள் காலி, கவலைப்பட நேரம் நிறைய. கம்பெனிகளின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குச் சான்றிதழைவிடக் கைப்பழக்கம்தான் முக்கியம் என்று அறையில் தங்கிய ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். லாட்ஜில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை மேலகரத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, வீடியோ பார்த்து கிளஸ்டர் நிர்வாகம் படிக்க ஆரம்பித்தேன்.

கிளஸ்டர் என்றால் பல கம்ப்யூட்டர்கள் கூடி ஒரே வேலையைச் சுமப்பது. ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும். பயந்தவனுக்கு இதைவிட ஆறுதலான படிப்பு எது? மூன்று கம்ப்யூட்டர் வாங்க வழியில்லாததால், அந்த ஒன்றுக்குள்ளேயே மூன்று விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன போலிக் கம்ப்யூட்டர்களை, ஓடவிட்டேன். பெருமையாக மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மூணு வீடு கட்டியாச்சுங்கீய. கூரை ஒண்ணுதான இருக்கு?"

"ஏட்டி, இது படிக்கதுக்கு. ஒனக்குப் புரியாது."

"புரியாதுதான். ஒழுகுனா மூணு வீட்டுலயும் சேந்துல்லா ஒழுகும், அதக் கேட்டேன்."

சிரித்தோம். அடுத்த தை மாதம் காய்ச்சல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நான்காம் நாள் அவள் இல்லை.

என் போனில் அவள் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன. "சாரல் அடிக்கு, குடை எடுத்தியளா?" "வரும்போது தோசமாவு வாங்கிட்டு வாங்க." பழைய போன், அடிக்கடி சூடாகும். தொலையுமோ, வெடிக்குமோ என்று எனக்கு நடுக்கம். எல்லாவற்றையும் கிளஸ்டரில் ஏற்றினேன். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு பிரதி, ஆக மூன்று. இனிப் பயமில்லை என்று போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு பரீட்சை வைப்பேன். ஒரு மெஷினை நிறுத்திவிட்டு அவள் குரலைப் போடுவேன். மற்ற இரண்டிலிருந்தும் வரும். "குடை எடுத்தியளா?" பாடத்தில் அந்தப் பரீட்சையைத் தினமும் வைக்கச் சொல்லவில்லை.

ஆனியில் சாரல் பிடித்தது. சுவரெல்லாம் ஈரம். ஒருநாள் கம்ப்யூட்டருக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டது, பிறகு திரை கறுத்தது. தூக்கிக்கொண்டு தென்காசிக்கு ஓடினேன். ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்தார்.

"டிஸ்க் போச்சு அண்ணாச்சி. வேற காப்பி இருக்கா?"

"மூணு இருக்கு."

"எங்கன?"

நான் அந்த டிஸ்க்கைத்தான் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி என் கையில் வைத்தார். சொல்ல வேண்டியவள் எப்போதோ சொல்லிவிட்டாள்.

புது டிஸ்க் போட்டு, அவள் குரல் இல்லாத மூன்று மெஷின்களை மறுபடி கட்டினேன். இந்த முறை வெளியே தனி டிஸ்க் ஒன்றில் ஒரு பிரதி எடுத்து, இலத்தூரில் இருக்கும் அவளுடைய அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி.

"இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மதினி. சும்மா பழகுன ஃபைலு."

"ஒண்ணும் இல்லாததையா பத்திரமா வைக்கச் சொல்லுதீய?"

"ஆமா," என்றேன். "சாரல் படாம வச்சுக்கிடுங்க."