மாப்பிள்ளைச் சாப்பாடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சமையல்காரி என்று பெயர். தட்டுகளில் வளரும் செல்களுக்கு வேளாவேளைக்கு ஊட்டத் திரவம் மாற்றுவதுதான் அவள் வேலை. புற்றுநோய்ச் செல்லுக்கு அவள் வைத்த பெயர் ரவுடி. எதைப் போட்டாலும் தின்று கொழுப்பான். நல்ல செல் மாப்பிள்ளை. கொஞ்சம் குறை வைத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று அவருக்கு மட்டும் தனிச் சத்து சேர்த்த சாப்பாடு. மாப்பிள்ளைகள் எங்கேயும் இப்படித்தான்.

மின்சாரம் ஏற்றிய வாயுவை ஊதாச் சுடராக ரவுடி, மாப்பிள்ளை இருவர் மீதும் பாய்ச்சுவார்கள். குளிர் பிளாஸ்மா, விரலை நீட்டினால் சுடாது. ஒவ்வொரு முறையும் ரவுடி செத்தான், மாப்பிள்ளை பிழைத்தார். இதை வீட்டில் வாய் ஓயாமல் சொன்னாள். சொல்லித் தொலைக்காமல் இருந்திருக்கலாம்.

கேட்டுக்கொண்டிருந்தவன் அவள் அண்ணன். பஸ் டிரைவர், நாக்கில் புற்று. பாதி நாக்கை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"உன் வெளிச்சம் வரட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டான்.

"அது இன்னும் தட்டுலதான்ண்ணா இருக்கு" என்று அவள் மன்றாடியதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் புற்று கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஆய்வுக்கூடத் தலைவி கேட்டார்: "ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு போட்டுப் பாத்தோமா?"

பார்த்ததில்லை. ரவுடியின் சாப்பாட்டையே இருவருக்கும் போட்டாள். சுடர் பாய்ந்தது. இன்று காலை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு தட்டிலும் பிணம். இத்தனை நாள் மாப்பிள்ளையைக் காத்தது அவருடைய தனிச் சத்து. சுடர் திரவத்தில் உண்டாக்கும் நஞ்சை அது உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சுடருக்கு ஆள் அடையாளம் ஒன்றும் தெரியாது.

வீட்டில் அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தான். பேச்சு குழறியது.

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போயிட்டார்ண்ணா."

"ரவுடி?"

"அவனும்தான்."

அவன் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன? அவன் ஒழிஞ்சா சரி. மாப்பிள்ளைக்கு இன்னும் நல்ல சாப்பாடாப் போடு, பொழச்சுக்குவார்."

அவள் பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். எங்கே தனியாகப் போடுவது? இந்த உடம்புக்குள் இரண்டு பேருக்கும் ஒரே பந்தி. ஆறிய சூப்பை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். அவன் வலியோடு வாயைத் திறந்தான்.