நான் வாங்காத சம்மன்

எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. கல்லூரியில் வணிகவியல் நடத்தியவன். இதை எழுதுவதால் இனி யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரே வாசலுக்குள் எனக்கு ஐந்து சிறு வீடுகள் இருந்தன. இடித்து மாடி கட்ட நினைத்தேன். நான்கு குடும்பங்கள் சொன்னவுடன் போய்விட்டன. மிஞ்சிய வீட்டில் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை. அந்தப் பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகியிருந்தது. குடம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தேதான் ஆள் வைத்து முற்றத்துக் குழாயைத் துண்டித்தேன். தெருமுனையிலிருந்து எத்தனை நாள் தண்ணீர் சுமப்பார்கள், தானாகப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார். என் தரப்பையும் கேட்டுத்தான் உத்தரவு என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதாவது சம்மன் என் கைக்கு வந்து சேரும்வரை அவர்களுக்குத் தண்ணீர் இல்லை.

முதலில் ராஜாஜிநகரில் நான் இருந்த வீட்டுக்குப் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் பழக்கமானவர். "ஊர்ல இல்லன்னு எழுதிடுங்க" என்றேன். எழுதிவிட்டார்.

அடுத்து கோர்ட் அமீனாவே நேரில் வந்தார். அவருக்கு என் முகம் தெரியாது. வழக்குப் போட்டவர் கூட வந்து ஆளை அடையாளம் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் போதும். நான் வாங்க மறுத்தாலும் கதவில் ஒட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். சம்மன் சேர்ந்துவிட்டதாக அர்த்தம்.

காலையில் கேட்டருகே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஓனர் இருக்காரா?" என்றார் அமீனா.

"ஊருக்குப் போயிருக்காரு. நான் அவரு தம்பி."

அமீனா சிரித்தார். "இந்த பெங்களூர்ல எந்த ஓனரும் வீட்ல இருக்கறதில்ல சார். எங்க போனாலும் தம்பிங்கதான் இருக்காங்க." பின்னால் நின்ற என் குடித்தனக்காரரிடம் திரும்பிக் கன்னடம் கலந்து கேட்டார். "ஏனப்பா, இவரேனா ஓனரு? நல்லா பாத்து சொல்லு."

எதிர்வீட்டு மாடியிலிருந்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருடைய வேலை நிரந்தரமாவதற்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். அதை அவர் மறந்ததே இல்லை.

"இல்லீங்க. இவரு இல்ல."

"இதச் சொல்லவா லீவு போட்டுட்டு என்னக் கூட்டினு வந்தே?" என்று அமீனா எரிந்து விழுந்தார்.

சாயங்காலம் குடித்தனக்காரர் தனியாக வந்தார். கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு நின்றார்.

"நாலு பேரு பாக்கறப்போ உங்களப் பொய் சொல்றீங்கன்னு சொல்ல வாய் வரல சார். கொழாய மட்டும் விட்டுடுங்க. கேஸ வாபஸ் வாங்கிக்கறேன்."

"பாக்கலாம்" என்றேன்.

அவர் போனதும் என் வக்கீலுக்குப் போன் செய்தேன். "ஆள் இவர் இல்லன்னு அவனே சொல்லிட்டானா? அப்புறம் என்ன சார், நிம்மதியா இருங்க" என்றார். நிம்மதியாகத்தான் இருந்தேன். குழாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் தையல் போட்ட இடம் பிரிந்து சீழ் வைத்தது. அவர் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தார். வாய்தாவுக்குப் போக ஆளில்லை. வழக்கு தள்ளுபடியானது.

அவள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். சில நாளில் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய வண்டி தெருவில் நிற்க, அவர் சாவியை என்னிடம் நீட்டினார். குழந்தையோடு நின்ற அவள் முதல்முறையாக என்னோடு பேசினாள்.

"மாடி கட்டுங்க சார், நல்லாக் கட்டுங்க. உங்க வீட்ல யாரு செத்தாலும் குளிப்பாட்டத் தண்ணி இருக்கட்டும்."

"சும்மா இருடி" என்று அவர் அதட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "உடம்பு சரியில்லாதவ, தப்பா எடுத்துக்காதீங்க சார். மன்னிச்சிடுங்க."

"பரவால்ல" என்றேன்.