மண்மேட்டுக் களாக்காய்

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்குப் பின்னால் ஒரு மண்மேடு உண்டு. சுரங்கத்தில் தோண்டிய மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்தது. அதில் மரம் நட்டு, வேலி போட்டு, யாரும் நுழையக்கூடாது என்று பலகையும் வைத்துவிட்டார்கள். களாச்செடியை மட்டும் யாரும் நடவில்லை. பறவை எச்சத்தில் விழுந்து முளைத்து, அது பாட்டுக்கு முள்ளும் புதருமாக மண்டிக் கிடந்தது. பழம் கறுத்தால் கொண்டைக்குருவிக்கும் மயிலுக்கும் நரிக்கும் அதுதான் சாப்பாடு.

சிக்கல் என்னவென்றால், ஊறுகாய்க்குக் காயாகவே பறித்தாக வேண்டும். நைட் ஷிஃப்டுக்குக் கொண்டுபோகும் தயிர்சாதம் களாக்காய் ஊறுகாய் இல்லாமல் எனக்கு இறங்காது. ஆனி பிறந்தால் என் மனைவி வேலி இடுக்கில் நுழைந்து பை நிறையப் பறித்து வருவாள். மதுரைக்காரி, முள்ளுக்கெல்லாம் அசரமாட்டாள்.

ஒரு வருடம் நானும் கூடப் போயிருந்தேன்; புதிதாக வந்த காவலாளி எங்களை மறித்தார். பக்கத்து ஊர்க்காரர், காண்ட்ராக்ட் வேலை.

"ஊறுகாய்க்குத்தாண்ணே, ஒரு பை" என்றாள் மனைவி.

"காயிலயே பறிச்சிகினு பூட்டா அதுங்க எதைம்மா துன்னும்?"

"என்னமோ உங்க அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி பேசுறீங்க!"

அவர் கோபப்படவில்லை. "எங்கப்பன் நெலம் மைன்ஸுல பூடுச்சும்மா. அந்த மண்ண இங்கதான் கொட்னாங்க. அப்படிப் பாத்தா சொத்துதான்."

அவள் வெறும் பையோடு திரும்பினாள். ஆனால் வீட்டுக்கு வந்து, "சரியான கஞ்சன்" என்று அந்த சீசன் முழுக்கக் கரித்துக்கொட்டினாள். அதோடு மேட்டுப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள். நான் எலுமிச்சை ஊறுகாய்க்கு மாறினேன். அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

போன ஆனியில் ரிட்டயரானேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்தக் காவலாளி சைக்கிளில் வந்து இறங்கி, மனைவியிடம் ஒரு பையை நீட்டினார். உள்ளே பச்சைப் பசேலென்று களாக்காய்.

"மேட்டுல பறிச்சீங்களாண்ணே?" அவளால் நம்ப முடியவில்லை.

"மேட்டுல இருக்கறது அதுங்களோடதும்மா. இது பண்ருட்டி மார்க்கெட்டுல வாங்கனது. சாருக்கு ஊறுகாய் போட்டுக் குடுங்க."

கஞ்சன் என்று கரித்தவள், லாரி கிளம்பும்வரை அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை.