கரை இல்லாத ஆட்டம்

மரக்காணம் உப்பளங்களில் கூலி வேலை பார்த்த லூர்துமேரியின் மகள் கீதாஞ்சலி. பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு, கோட்டக்குப்பத்தில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்களின் விதவிதமான போன்கள் அங்கே ரிப்பேருக்கு வரும். அவற்றில் இருந்த சின்னச் சின்ன ஆட்டங்களைப் பார்த்துத்தான், நாமே ஒன்று செய்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதற்கான புரோகிராமை எழுதினாள். படம் வரைவதும் அவள்தான், சத்தம் சேர்ப்பதும் அவள்தான். எல்லாம் சேர்ந்து அறுபத்துநாலு கேபிக்குள் அடங்க வேண்டும். மீறினால் அன்றைய போன்கள் பலவும் ஏற்காது. ஆட்டம் இதுதான்: ஒரு படகு, எதிரே அலைகள். அலையைத் தாண்டினால் பாயிண்ட்.

ஆனால் அலையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. உப்பளத்துக்காரர்களுக்குக் கடல் என்பது பாத்தியில் வந்து நிற்கும் தண்ணீர். அவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் ஆண்டாள்தான் அவளை மீனவக் குப்பத்துக்கு அழைத்துப்போய்த் தன் புருஷன் காசிலிங்கத்திடம் விட்டாள். படகின் தலையை அலைக்கு நேராகக் கொடுக்க வேண்டும், பக்கம் காட்டினால் கவிழ்த்துவிடும் என்று அவர் மணலில் கோடு போட்டுக் காட்டினார். அதை அப்படியே ஆட்டத்தில் எழுதினாள். ஆடிப்பார்த்த ஆண்டாள் ஒவ்வொரு தடவையும் படகைக் கவிழ்த்துவிட்டுச் சிரித்தாள்.

2004 டிசம்பரில் ஆட்டம் முடிந்தது. சென்னையில் ஒரு கம்பெனி அதைப் பொங்கலுக்கு வெளியிடுவதாகச் சொன்னது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காசிலிங்கம் விடியலிலேயே கடலுக்குப் போயிருந்தார். படகு ஒரு முறை மேலே எழும்பி இறங்கியது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. ஆண்டாள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தாள். மறுநாள் சவுக்குத் தோப்பில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

பொங்கலுக்கு ஆட்டம் வெளிவரவில்லை. பிப்ரவரியில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆட்டத்துக்குச் ‘சுனாமி’ என்று பேர் வைத்து, கடைசி அலையை ஸ்கிரீன் உயரத்துக்குக் காட்டினால் நன்றாக ஓடும் என்றார் அந்த ஆள். யோசித்துச் சொல்வதாகக் கீதாஞ்சலி போனை வைத்தாள். அலைகள் காசிலிங்கம் சொல்லிக்கொடுத்தவை. அவரிடம் சொல்லாமல் எதையும் முடிவு செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை.

“நான் கடல்ல இருந்தேன் பாப்பா. எனக்கு ஒண்ணும் ஆவல. கரையில இருந்தவதான் போயிட்டா.” பிறகு கேட்டார். “ஒன் ஆட்டத்துல கரை எங்க இருக்குது?”

“இல்லண்ணா. கரை வெக்கல.”

கீதாஞ்சலி மறுநாளே கம்பெனிக்குப் போன் செய்து முடியாது என்றாள். அப்படியானால் ஆட்டமே வேண்டாம் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் முழுக்க ஆட்டத்தைத் திரும்ப எழுதினாள். பாயிண்ட்டை எடுத்துவிட்டாள். படகு அலைகளைத் தாண்டிப் போய் வலை வீசிவிட்டுத் திரும்ப வேண்டும். முதுகுப்பக்கம் வரும் அலைதான் மோசமானது என்று காசிலிங்கம் சொன்னார், அதையும் சேர்த்தாள். திரும்பி வந்தால் கரை தெரியும், அதில் ஆட்கள் நிற்பார்கள். இதற்கெல்லாம் இடம் போதாததால் சத்தம் மொத்தத்தையும் நீக்கினாள். படகு கவிழ்ந்தால் ‘மீண்டும் ஆடு’ என்று வரும் வரியை என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. பல நாள் அதை அழிப்பதும் எழுதுவதுமாக இருந்தாள். அது இல்லாமல் ஆட்டம் இல்லை. அதனால் அழிக்காமல் விட்டுவிட்டாள்.

2006 தொடக்கத்தில் காசிலிங்கத்திடம் எடுத்துப்போனாள். அவர் போனைக் கையில் வாங்கவில்லை.

“நீ ஆடு. நான் பாக்கறேன்.”

படகு போய்த் திரும்பியது. கரை வந்ததும் அவர் குனிந்து, நின்றிருந்த உருவங்களில் ஒன்றைக் காட்டினார்.

“இது யாரு?”

“யாருன்னு வெக்கலண்ணா.”

“அப்படியே இருக்கட்டும்” என்றார்.

கோடையில் அதை இலவசமாக இன்டர்நெட்டில் போட்டாள். பாயிண்ட் இல்லாத ஆட்டத்தை எதற்கு ஆட வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். வேறு ஒருவர், தன் அம்மா விடாமல் ஆடுவதாக எழுதியிருந்தார். கடைக்கு வந்து கேட்டவர்களுக்குக் கேபிள் போட்டு ஏற்றிக்கொடுத்தாள். காசிலிங்கம் கடைசிவரை அதை ஆடவில்லை. ஆனால் குப்பத்தில் யாராவது புதுப் போன் வாங்கினால், கோட்டக்குப்பத்துக்குப் போய்க் கீதாஞ்சலியிடம் அதை ஏற்றிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினார்.