பௌர்ணமியன்று நின்ற லாரி

அடியார்களே, போன ஆவணிப் பௌர்ணமியன்று என் மகனை வெறும் தரையில் படுக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை. மரத்துப்போயிருந்தேன்.

கார்த்திக்கு ஒன்பது வயது. கழுத்து நிற்காது. அவனுக்கென்று அளவெடுத்துச் செய்த நாற்காலியில் பெல்ட் போட்டு உட்காரவைத்தால்தான் சோறு இறங்கும். படுத்தபடி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். அப்படி ஒருமுறை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்.

கணவருக்கு மாற்றலாகி, சென்னையிலிருந்து திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்குக் குடிவந்தோம். சாமான் ஏற்ற ஆள் தேடியபோது ஒருவருடைய வாட்ஸ்அப்பில் மலைமேல் தீபம் எரியும் படம் இருந்தது. தானும் மாதாமாதம் கிரிவலம் வருகிறவன் என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது. ஆபீஸ் எங்கே என்று கேட்கவில்லை, ரசீது வாங்கவில்லை, லாரி நம்பரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை நாங்களே காரில் எடுத்துவருவதாக இருந்தோம். அதற்குள் அவருடைய ஆட்கள் அதை லாரியில் ஏற்றி, மேலே பீரோவும் அடுக்கிவிட்டார்கள்.

நாங்கள் முன்னால் வந்துவிட்டோம். மத்தியானம் அந்த லாரிக்காரர் போன் செய்து, பேசியதற்கு மேல் இன்னொரு மடங்கு கேட்டார். "வண்டி கீழ்பென்னாத்தூர் தாண்டிடுச்சு. பணம் போடலன்னா நேரா பெங்களூர் குடோனுக்குப் போயிடும்" என்றார். எங்களிடம் அவ்வளவு இல்லை. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

கார்த்தி பசியில் முனகினான். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். இருமிக் கண் செருகினான். ஜன்னலில் மலை தெரிந்தது. வேண்டிக்கொள்ள வார்த்தை வரவில்லை. "அப்பா, பீரோ கட்டில் எதுவும் வேணாம். புள்ள உக்காரணும்" என்று மட்டும் சொன்னேன்.

பால் கொடுக்க வந்த கீழ்வீட்டு அக்கா விஷயத்தைக் கேட்டதும், "இன்னிக்குப் பௌர்ணமிங்க. கிரிவலக் கூட்டத்துக்காக லாரி எதையும் ஊருக்குள்ள வுடமாட்டாங்க. பெங்களூர் போறதுன்னாலும் ஊரத் தாண்டித்தானே போவணும். செஞ்சி ரோட்டுலதான் நிக்கும், போய்ப் பாருங்க" என்றார்.

கணவர் பைக்கில் பறந்தார். தடுப்புக்கு முன்னால் வரிசையில் அந்த லாரி நின்றது. சென்னையில் சாமான் ஏற்றிய அதே டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் கணவர் சொன்னதைக் கேட்டு அங்கேயே கதவைத் திறக்கவைத்து, முதலில் நாற்காலியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

பௌர்ணமியில் வீடு மாற்றாதே, ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னைத் திட்டியிருந்தார்கள். அந்த அடைப்பைத்தான் அண்ணாமலையார் எங்களுக்காக வைத்திருந்தார்.

கார்த்தியை உட்காரவைத்து தயிர்சாதம் ஊட்டினேன். சந்தோஷம் என்று எதுவும் தோன்றவில்லை. நாலு வாய் இறங்கிய பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பி மலையைக் கும்பிட்டேன்.

இப்போதெல்லாம் விலாசமும் ரசீதும் வண்டி நம்பரும் வாங்காமல் ஒரு குடத்தைக்கூட யாரிடமும் கொடுப்பதில்லை. அதனால் என் பக்தி கம்மியாகிவிடவில்லை. கஷ்டத்தில் உங்களுக்கு வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. மலையைப் பார்த்து, வேண்டியது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். என் பிள்ளை உட்கார்ந்து சாப்பிடுகிறான்.