அறுபதுக்கு மேல் வருவது

உள்ளறையிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டொக், டொக்.

முன்னறையில் வீட்டுக்கார டீச்சரோடு நின்றிருந்த தரகர் விஜயலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. வீடு வாங்க வந்த இராக்கம்மா சுவரைத் தட்டிப் பார்க்கிறாள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் அறுபது வருடம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவள் அவள். அங்கே சுவரைத் தட்டினால் அடுத்த காம்பராக்காரி, "என்னா வேணும்?" என்று கேட்பாள்.

"தங்கச்சி, அந்தப் பக்கம் ஒருத்தரும் இருமக்கூட இல்லையே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்தப் பக்கம் டீச்சரோட ரோசாச் செடிதாங்க்கா. அது எப்பிடி இருமும்?"

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. ஹாலிஎலைத் தரகர் றிகாஸ். பேச வெளியே போனாள். பதினொரு வருடத் தொழிலில் விற்கிறவரையும் வாங்குகிறவரையும் தனியே விட்டுவிட்டுப் போகாதவள், அன்று போனாள்.

போக வைத்தது அவளுடைய நிலைமை. பதுளை டவுனில் இதுவரை முப்பத்தொரு வீடுகளைக் கைமாற்றிக் கொடுத்த விஜயலெட்சுமி, கடை ஒன்றின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம். இப்போது அந்தக் கடையையும் வேறொரு தரகர் விற்றுவிட்டார். மாத முடிவில் அறையைக் காலி செய்ய வேண்டும். ஹாலிஎலையில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து இலட்சம் முன்பணம் கொடுத்தால் அது அவளுக்கு.

அந்த ஐந்து இலட்சம் இந்த வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

வழக்கமாகத் தரகுக்கூலி விற்கிறவர் தருவது, நூற்றுக்கு மூன்று. அதுவும் நொத்தாரிசு முன்னால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான். வீடு விலைபோகாவிட்டால் பஸ் காசுகூடக் கிடையாது. வாங்குகிறவர் மனம் வைத்தால் ஏதாவது தருவார். ஆனால் இந்த வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற குணமணி டீச்சர், முதல் நாளே வேறு பேச்சுப் பேசியிருந்தார்.

"நூற்றுக்கு மூண்டு எண்டு கணக்குப் பார்க்க எனக்கு ஏலாது, விஜயலெட்சுமி. என்ர கைக்கு அறுபது இலட்சம் வரவேணும். அதுக்கு மேல வாறது உம்மட கெட்டித்தனம்."

பத்து மாதம் அலைந்தாள். பதினான்கு பேரைக் கூட்டிவந்து காட்டினாள். காணிக் கந்தோரில் பழைய பதிவுகளை எடுத்து, நில அளவையாளரைப் பிடித்து, கடைசியில் இராக்கம்மாவைக் கண்டுபிடித்தாள். அவளுடைய மகன் நிஷாந்த் கட்டாரில் ஏழு வருடம் உழைத்த காசு. விலை அறுபத்தாறு என்று அவர்களோடு பேசி முடிந்தது; டீச்சருக்கு அந்தத் தொகை தெரியாது. உறுதி எழுதுவது வியாழக்கிழமை.

போன் பேசி முடித்துத் திரும்பியவளின் காதில் இராக்கம்மாவின் குரல் விழுந்தது. நிதானமாக, சாமிக்கு முன்னால் பேசுவது போல் பேசிக்கொண்டிருந்தாள்.

"அறுபத்தாறு லட்சத்துக்கு இந்த வீட்டத் தர்றீங்க, நாங்க வாங்கிக்கிறோம். சம்மதம்னா வெத்தல எடுத்துக்கங்க டீச்சரம்மா."

விஜயலெட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். மாடோ ஆடோ, கொடுக்கல் வாங்கல் எதுவானாலும் விலையை வாய்விட்டுச் சொல்லித்தான் வெற்றிலை வைப்பார்கள். அவளும் லயத்தில் பிறந்தவள்தான். டவுனுக்கு வந்த பிறகு எப்படி மறந்தாள்?

டீச்சரின் கை வெற்றிலைத் தட்டுக்கு மேலேயே நின்றது.

"எவ்வளவு?"

"அறுபத்தாறுங்க."

"விஜயலெட்சுமி, உள்ளுக்கு வாரும்." வகுப்பில் கூப்பிடுவது போலிருந்தது. "ஆறு இலட்சமா உமக்கு? முப்பத்தாறு வருசம் படிப்பிச்ச எனக்குக் கையில வந்ததே எவ்வளவு எண்டு தெரியுமா? ஒண்டோ ஒண்டரையோ எடுப்பீர் எண்டு நினைச்சன்."

இராக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப அறுபதுக்கே குடுத்திருப்பீங்களா?"

விஜயலெட்சுமி உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"டீச்சர், மேல வர்றது என்னோடதுன்னு நீங்கதான் சொன்னீங்க. பத்து மாசம் நடந்தேன். வித்திருக்காட்டி யாராச்சும் எனக்கு ஒரு சதம் குடுத்திருப்பீங்களா? போன வருசம் ரெண்டு வீடு காட்டினேன். வித்தவங்களும் வாங்கினவங்களும் எனக்குப் பின்னால பேசி முடிச்சிட்டு, ரோட்டுல பாத்தா முகத்தத் திருப்பிக்கிறாங்க. ஆனா வெலைய நீங்க கேக்காமலே நான் சொல்லியிருக்கணும். அது என் தப்புத்தான்."

"அப்ப எனக்கு அறுபத்துநாலு தாரும். நீர் ரெண்டு எடும்," என்றார் டீச்சர்.

"அது எப்பிடிங்க?" இராக்கம்மா குறுக்கே வந்தாள். "அறுபது போதும்னு சொன்ன நீங்க, எங்க காசப் பாத்ததும் கூடக் கேக்குறீங்களே. கொறைக்கிறதுன்னா எங்களுக்குத்தானே கொறைக்கணும்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் எடுத்தது.

இராக்கம்மா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "நான் கொழுந்தெடுத்தவ. பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் ஒரு பேரு, ஒரு நாள் சம்பளம். அதுக்கு மேல எடுத்தா தனிக் காசு, அது எடுத்தவளுக்குத்தான். அத நான் இல்லேங்க மாட்டேன். ஆனா நிறுக்கையில கணக்கப்புள்ள கூடைப் பாரம், தண்ணிப் பாரம்னு ரெண்டு கிலோ கழிச்சுருவான். ஒரு நாளும் கழிக்காம விட்டதில்ல." விஜயலெட்சுமியைப் பார்த்தாள். "ரெண்டக் கழிச்சுக்க தங்கச்சி. நாங்க அறுபத்துநாலு தர்றோம். டீச்சரம்மாவுக்கு அவங்க கேட்ட அறுபது. ஒனக்கு நாலு."

"கழிக்கிறவன நாம திட்டுவோமேக்கா?"

"திட்டுவோம். மறுநாளும் அவன்கிட்டத்தானே நிறுப்போம்."

டீச்சருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. "சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்று வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

நான்கு. ஐந்துக்கு ஒன்று குறைகிறது. விஜயலெட்சுமி சன்னல் பக்கம் போய் றிகாஸுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, வெள்ளிக்கிழம நாலுதான் தர ஏலும். மிச்சத்துக்கு ஓனர்கிட்ட ரெண்டு மாசம் கேட்டுப் பாருங்க. அப்பிடியே ஒங்க கமிஷன்லயும் கொஞ்சம்..."

மறுமுனையில் றிகாஸ் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. "அக்கா, நீங்களே இப்பிடிக் கேட்டா நான் யார்ட்டப் போய் அழுறது?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "சரி தம்பி, அத விடுங்க. ஒங்களுக்கு உள்ளத தந்துடுறேன். ஓனர்கிட்ட மட்டும் பேசுங்க."

"பேசுறேன். நாலுன்னா கட்டாயம் ஒத்துக்குவாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். உறுதி எழுதுகிற நேரத்தை இருவருக்கும் இன்னொரு தடவை சொன்னாள். இராக்கம்மா லுணுகலை பஸ் வரும்வரை டீச்சருடன் இருப்பதாகச் சொல்லி, வழியனுப்ப வாசல்வரை வந்தாள்.

விஜயலெட்சுமி படியிறங்கி, திரும்பி நின்றாள். இந்த வீட்டைக் காட்ட வந்த ஒவ்வொரு நாளும் இந்தக் கதவை அவளேதான் திறந்தாள், அவளேதான் சாத்தினாள். வேறு யார் கையும் அதில் படவிட்டதில்லை.

"அக்கா, இந்தக் கதவு மழைக்கு உப்பிக்கும். சும்மா தள்ளினா சாத்தாது. கைப்பிடியப் புடிச்சுக் கொஞ்சம் மேல தூக்கித் தள்ளணும்."

"இத ஏன் தங்கச்சி முந்தியே சொல்லல?"

"முந்தியே சொன்னா அதுக்கும் ஒரு கிலோ கழிச்சிருப்பீங்க."

இராக்கம்மா சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். முதல் தடவை பிடி கொடுக்கவில்லை. இரண்டாம் தடவை கதவு நிலையோடு பொருந்திச் சாத்திக்கொண்டது.